சவரியம்மாவின் ஓலை

கொழும்பு,
9.1.1955

அன்புத் தங்கை பவுலினாவுக்கு அண்ணன் எட்வர்ட் எழுதுவது.

ஆண்டவர் இரக்கத்தில் எனக்குச் சுகக்குறைவு ஒன்றுமில்லை. அம்மாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? உன் இருமல் விட்டதா? இரண்டுக்கும் மறக்காமல் பதில் எழுது.

நத்தார் திருநாளுக்கு நான் வராததில் உங்களுக்கு மனவருத்தம் இருக்கும். ஜவுளிக்கடையில் நத்தார் வியாபாரம் என்றால் மூச்சுவிட நேரமில்லை. இப்போது என்னைக் காசாளர் மேசையில் உட்கார வைத்திருக்கிறார்கள். காற்சட்டையும் கழுத்துப்பட்டியும் போட்டுக்கொண்டுதான் போகிறேன். நீ பார்த்தால் அடையாளம் தெரியாது.

போன கடிதத்தில், "அம்மா எப்போதும்போல இருக்கிறார்" என்று எழுதியிருந்தாய். அதைப் படித்து எனக்குச் சந்தோஷம் வரவில்லை. முப்பது வருடமாக அதே பெரட்டுக் களத்தில் விடியற்காலையில் பெயர் கொடுத்து, அதே மலையில் கொழுந்தெடுத்து, கோயிலிலும் அதே தூணடியில் முக்காடு போட்டு உட்கார்ந்து ஒரு மனுஷி ஆயுளைக் கழிப்பதா? கொழும்பில் பெண்கள் தனியாக பஸ் ஏறி வேலைக்குப் போகிறார்கள். பழகிப்போனது என்பதற்காக ஒன்றைச் செய்துகொண்டே இருப்பது மனிதருக்கு அழகல்ல. அம்மாவை ஏதாவது ஒன்றை மாற்றச் சொல். நீயும் மாறு. பிள்ளைக்காம்பராவில் ஊரார் பிள்ளைகளுக்குப் பால் கரைத்துக் கொடுத்தே கிழவியாகிவிடாதே.

இன்னொரு விஷயம். கடித உறையின் பின்பக்கம் தோட்டத்தின் பெயரையும் லயத்து வரிசை வீட்டு நம்பரையும் எழுத வேண்டாம். பதுளை என்று மட்டும் போடு. இங்கே கடைக்கு வரும் கடிதங்களை எல்லோரும் புரட்டிப் பார்க்கிறார்கள்.

அம்மாவுக்கு என் தோத்திரம் சொல்லவும்.

அண்ணன்,
எட்வர்ட்

•

ஹல்துமுல்லை,
வெள்ளமலைத் தோட்டம், கீழ்ப்பிரிவு,
23.1.1955

மதிப்புக்குரிய கழுத்துப்பட்டி அண்ணனுக்கு,

சேசு மரி சூசை துணை. இருமல் விட்டது. முழங்கால் விடவில்லை. நீங்கள் கேட்ட இரண்டுக்கும் பதில் எழுதியாயிற்று.

உறையின் பின்னால் நீங்கள் சொன்னபடியே பதுளை என்று போட்டிருக்கிறேன். நாங்கள் பதுளை டவுனைக் கண்ணால் பார்த்து ஒரு வருஷமாகிறது. அதைப் பற்றி உங்கள் கடைக்காரர்களுக்கு என்ன கவலை.

உங்கள் கடிதத்தை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். உங்கள் பிரசங்கம் முடிந்ததும், "எதை மாத்தச் சொல்றான்?" என்று கேட்டார். "எதையாவது மாத்துன்னு எழுதியிருக்கு" என்றேன். விறகை அடுப்புக்குள் தள்ளினார். சரி, இந்தக் காதால் கேட்டு அந்தக் காதால் விட்டாயிற்று என்று நினைத்தேன்.

போன ஞாயிறு பூசை முடிந்து பெரகல கடைவீதிக்கு இறங்கிப் போனார். சாயங்காலம் திரும்பி வரும்போது கையில் ஒரு பொட்டலம். உள்ளே கத்தரிப்பூ நிறத்தில் ஒரு சேலை. எனக்குத்தான் வாங்கி வந்திருக்கிறார் என்று நான் எடுத்துத் தோளில் போட்டுப் பார்க்கிறேன், "அது எனக்கு" என்கிறார். திரும்ப மடித்து அவர் கையில் கொடுத்தேன், அண்ணே. அப்பா செத்து அடக்கம் பண்ணிய நாளிலிருந்து அம்மாவை வெள்ளைச் சேலை தவிர வேறு ஒன்றில் நான் பார்த்ததில்லை. இன்று காலை அதை உடுத்திக்கொண்டு கோயிலுக்கு வந்தார். ஜெபம் சொல்லிக்கொண்டிருந்த உபதேசியார் அம்மாவைப் பார்த்து வரியை விட்டுவிட்டார். லயத்துப் பொம்பிளைகள் வாயில் கொழுக்கட்டை வைத்த மாதிரி உட்கார்ந்திருந்தார்கள், வெளியே வந்ததும் பேசிய பேச்சுக்குக் குறைவில்லை.

இப்போது திருப்திதானே உங்களுக்கு? அம்மா உங்களைப் பார்க்க வேண்டும் என்கிறார். எப்போது வருகிறீர்கள்?

பவுலினா

•

கொழும்பு,
6.2.1955

அன்புத் தங்கைக்கு,

சுகம். உங்கள் சுகத்துக்கு மன்றாடுகிறேன்.

உன் கடிதத்தை வாசித்துச் சிரித்தேன், கண்ணும் கலங்கியது. அம்மா என் பேச்சைக் கேட்டிருக்கிறார். நம் லயத்து ஜனங்கள் அப்படித்தான் பேசுவார்கள். அவர்களுக்குப் பயந்தால் உலகத்தில் ஒன்றும் நடக்காது. "பயப்படாதீங்க, எது மனசுக்குப் பிடிச்சிருக்கோ அதைச் செய்யுங்க, மகன் பின்னால இருக்கேன்" என்று நான் சொன்னதாக அம்மாவிடம் சொல். இப்படியே வாசி.

கடையில் வேலை அதிகம். கொட்டாஞ்சேனையில் புதிதாகச் சில நல்ல குடும்பங்களோடு பழக்கம் ஏற்பட்டிருக்கிறது. எப்போது வரமுடியும் என்று இப்போது சொல்வதற்கில்லை.

எட்வர்ட்

•

வெள்ளமலை,
27.2.1955

அண்ணனுக்கு,

உடம்புக்கு எங்களுக்கு ஒன்றுமில்லை. மனசைக் கேட்டால்தான் சொல்ல முடியாது. இதை உட்கார்ந்து படியுங்கள்.

உங்கள் கடிதத்தை நீங்கள் சொன்னபடியே வாசித்தேன். "மகன் பின்னால இருக்கேன்" என்ற இடம் வந்ததும் அம்மா இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னார். பிறகு அடுப்படியில் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்று சொன்னார்.

"பவுலு, ஒன்னு சொல்றேன். சத்தம் போடாமக் கேளு."

"சொல்லு."

"அந்தோனிமுத்து என்னைக் கட்டிக்கிறேன்னு கேட்டிருக்காரு. சரின்னு சொல்லலாம்னு இருக்கேன்."

"எந்த அந்தோனிமுத்து?"

"நமக்கு எத்தனை அந்தோனிமுத்தைத் தெரியும்?"

தகட்டில் கிடந்த ரொட்டி கருகி லயம் முழுக்கப் புகை. அண்ணே, நம் அந்தோனிமுத்து சித்தப்பாதான். கூடப் பிறந்த முறை இல்லை, அப்பாவோடு தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டிய சிநேகிதர். பெரகல சந்தியில் தேத்தண்ணிக் கடை போட்டிருப்பவர். உங்களுக்கு ஞானஸ்நானம் கொடுத்தபோது உங்களைக் கையில் ஏந்தி நின்ற ஞானத்தகப்பன். அவர் பெண்சாதி செத்து ஐந்தாறு வருஷம், பிள்ளைகுட்டி கிடையாது, அதெல்லாம் எனக்கும் தெரியும். ஆனால் பிறந்ததிலிருந்து சித்தப்பா என்று கூப்பிட்ட வாயால் நாளைக்கு என்ன சொல்லிக் கூப்பிடுவேன்?

நான் கத்தினேன். உனக்குப் பைத்தியமா, நாப்பத்தெட்டு வயசில் கலியாணமா, லயத்தில் தலைகாட்ட முடியுமா, இந்தக் காம்பராவில் நான் ஒற்றையாக இருப்பதா என்று வாய்க்கு வந்ததெல்லாம் கேட்டேன். அம்மா எதற்கும் கோபப்படவில்லை.

"காலையில எந்திரிச்சா இன்னைக்கு என்ன நடக்கும்னு எனக்குத் தெரியும் பவுலு. நாளைக்கும் தெரியும். அடுத்த வருசமும் தெரியும். சாகுற அன்னைக்கு மட்டும்தான் புதுசா ஏதாவது நடக்கும்போல. அவர் கடையில போய் ஒக்காந்தா ரோட்டுல போற பஸ்ஸையாவது பாப்பேன்."

"அண்ணன் என்ன சொல்லும்?"

"அவன்கிட்ட எழுதிக் கேளு. எட்வட்டு சரின்னாத்தான் கோயில்ல மூணு ஞாயிறு கலியாண ஓலை வாசிக்கச் சொல்லுவேன். அவன் வேணாம்னா வேணாம். அப்புறம் நான் வாயைத் திறக்க மாட்டேன்."

ஆகவே கேட்கிறேன். நீங்கள் வேண்டாம் என்று ஒரு வரி எழுதினால் போதும், எல்லாம் நின்றுவிடும். சீக்கிரம் எழுதுங்கள்.

பவுலினா

•

கொழும்பு,
4.3.1955

பவுலினாவுக்கு,

உன் கடிதம் வந்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. கையெழுத்து இப்படி இருப்பதற்கு மன்னிக்கவும்.

அம்மாவா? நம் அம்மாவா? ஒரு சேலையை மாற்று என்றால் புருஷனையே மாற்றுகிற அளவுக்குப் போவதா? நான் மாறச் சொன்னது நாகரிகத்தில். தையல் பழகலாம், நாலு எழுத்துப் படிக்கலாம், பித்தளைச் செம்பை விட்டுக் கண்ணாடிக் கிளாசில் குடிக்கலாம். அதை விட்டுவிட்டு இது என்ன கூத்து?

அதுவும் அந்தோனிமுத்து. ஞானத்தகப்பன் என்றால் சும்மாவா? பிள்ளையைக் கையில் ஏந்தியவர் பிள்ளையின் தாய்க்குச் சகோதரன் முறை. கட்டினால் சாவான பாவம். திருச்சபை ஒருக்காலும் ஒத்துக்கொள்ளாது. நீ உடனே ஹப்புத்தளைக்குப் போய்ப் பங்குச் சாமியாரிடம் இதைச் சொல். நான் எதிர்க்கிறேன் என்றும் சொல். எனக்கு இங்கே ஒரு மரியாதை இருக்கிறது. அது என்ன ஆகும் என்று யாராவது யோசித்தீர்களா?

அம்மா எப்போதும்போல இருக்கட்டும். பெரட்டுக்குப் போகட்டும், வரட்டும், ஜெபமாலை சொல்லட்டும். அதில் என்ன குறைந்துவிட்டது?

எட்வர்ட்

•

வெள்ளமலை,
17.4.1955

அண்ணனுக்குப் பாஸ்குத் திருநாள் வாழ்த்து.

இங்கே இரண்டு பேருக்கும் உடம்பு சுகம். உங்களுக்குச் சோறு இறங்குகிறதா?

ஹப்புத்தளைக்குப் போனேன். சாமியாரிடம் உங்கள் கடிதத்தில் இருந்ததை அப்படியே ஒப்பித்தேன். சாவான பாவம் என்ற இடத்தில் அவர் சிரித்துவிட்டார். "ஞானத்தகப்பனுக்கும் பிள்ளைக்கும்தான் உறவு. பிள்ளையோட தாயாருக்கும் அவருக்கும் தடை இல்லை. அது அந்தக் காலத்துச் சட்டம். மாத்தி ரொம்ப வருசம் ஆகுது. உன் அண்ணன் கொழும்புல இருக்காரே, அவருக்கு இது தெரியாதா?" என்று கேட்டார். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. திருச்சபையே மாற்றிவிட்டதாம் அண்ணே. நாம்தான் மாற்றவில்லை.

திரும்பி வரும்போது பெரகலயில் பஸ்ஸை விட்டு இறங்கினேன். நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிட்டு வரவேண்டும் என்றுதான் போனேன். சித்தப்பா பெஞ்சைத் துடைத்து உட்கார வைத்து, இஞ்சி தட்டிப்போட்ட தேத்தண்ணி கொடுத்தார். "உன் அண்ணன் மனசுக்குப் பிடிக்கலைன்னா நான் இதைப் பத்திப் பேசவே மாட்டேம்மா. ஆனா ஒன்னு. உங்க அம்மா இங்க வந்து ஒக்காந்தா சிரிக்குது. லயத்துல நீ அதைப் பாத்திருக்கியா?" என்றார். நான் யோசித்துப் பார்த்தேன். பார்த்ததாக ஞாபகம் இல்லை. கேட்க வந்ததை மறந்து தேத்தண்ணியைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

எனக்கு இன்னும் வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். மாறு மாறு என்று வருஷக்கணக்காக எழுதியவர் நீங்கள். இப்போது எப்போதும்போல இருக்கட்டும் என்கிறீர்கள். அம்மா உங்கள் பேச்சில் எதைக் கேட்பது?

இந்தக் கடிதத்துக்குச் சரி அல்லது வேண்டாம் என்று எழுதுங்கள். அம்மா நேரிலேயே வந்து உங்களிடம் கேட்கிறேன் என்கிறார். மே மாதம் இரண்டு பேரும் ரயில் ஏறலாம் என்று இருக்கிறோம்.

பவுலினா

•

கொழும்பு,
22.4.1955

தங்கைக்கு,

சுகம்.

கொழும்புக்கு வரவேண்டாம். நான் அறையை மாற்றிவிட்டேன். புது இடத்தில் பொம்பிளைகள் தங்க வசதியில்லை. மே மாதம் கடையில் சரக்குக் கணக்கெடுப்பு. அம்மாவின் விஷயத்தை டிசம்பர் வரை ஆறப்போடுங்கள். அதற்குள் என் காரியங்கள் சில முடிந்துவிடும். பிறகு நானே வந்து பேசுகிறேன். அதுவரை ஓலை கீலை என்று ஒன்றும் வேண்டாம். இங்கே கடைக்கு ஆள் மூலமும் எதுவும் சொல்லியனுப்ப வேண்டாம்.

அம்மா என் பேச்சைத் தட்டமாட்டார் என்று எனக்குத் தெரியும்.

எட்வர்ட்

•

வெள்ளமலை,
12.6.1955

அண்ணனுக்கு,

நீங்கள் சுகமாக இருக்க அம்மா வெள்ளிக்கிழமைதோறும் ஒரு வேளை மட்டும் சாப்பிட்டு ஒருசந்தி இருக்கிறார். அதையே எங்கள் சுகச்செய்தியாக வைத்துக்கொள்ளுங்கள்.

அம்மா உங்கள் பேச்சைத் தட்டவில்லை. கத்தரிப்பூச் சேலையை மடித்துப் பெட்டிக்கு அடியில் போட்டுவிட்டு வெள்ளையை உடுத்திக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை பெரகலப் பக்கம் இறங்குவதில்லை. பெரட்டுக்குப் போகிறார், வருகிறார், ஜெபமாலை சொல்கிறார். நீங்கள் கேட்டபடியே எல்லாம் எப்போதும்போல இருக்கிறது.

அம்மா சேலையை மாற்றியபோதுகூட நான் இப்படி அதிர்ந்து போகவில்லை அண்ணே. திரும்பப் பழையபடி ஆனதைப் பார்க்கத்தான் முடியவில்லை. எப்படி ஒரு மனுஷி ஒரே நாளில் சத்தமில்லாமல் அப்படிச் சுருண்டுகொள்வது? அழுதாலாவது பரவாயில்லை. "பஸ்ஸைப் பாக்கப் போகலையா?" என்று விளையாட்டாகக் கேட்டேன். "எட்வட்டு டிசம்பர்ல வருவான்ல" என்றார். அவ்வளவுதான். சித்தப்பா பூசைக்கு வந்தார், அம்மாவைத் தூரத்தில் நின்று பார்த்தார், போய்விட்டார். அம்மாவுக்காகப் போட்டு வைத்திருந்த இரண்டாவது நாற்காலியைக் கடைக்கு உள்ளே எடுத்து வைத்துவிட்டாராம்.

முதலில் வேண்டாம் என்று எழுதச் சொல்லிக் கெஞ்சியது நான்தான். இப்போது சரி என்று எழுதச் சொல்லிக் கெஞ்சுகிறேன். டிசம்பர் வரை எதற்கு? அப்படி என்ன காரியம் முடிய வேண்டும் உங்களுக்கு? எங்களிடம் சொல்லக் கூடாத காரியமா?

பவுலினா

•

வெள்ளமலை,
17.7.1955

அண்ணனுக்கு,

போன கடிதத்துக்குப் பதில் இல்லை. தபால் பை தோட்டத்துக்கு வரும் நேரத்தில் அம்மா கொழுந்து நிறுக்கும் இடத்தில் நின்று பார்த்துவிட்டுத்தான் வருகிறார். காய்ச்சலோ என்னவோ என்று பயமாக இருக்கிறது. ஒரு தபால் அட்டையாவது போடுங்கள்.

பவுலினா

•

கொழும்பு,
21.7.1955

பவுலினாவுக்கு,

நான் சுகம். பயப்பட ஒன்றுமில்லை. வேலை. அம்மாவின் விஷயம் பிறகு.

எட்வர்ட்

•

வெள்ளமலை,
7.8.1955, ஞாயிறு

எட்வர்டுக்கு,

சுகம் விசாரிக்கும் நிலையில் நான் இல்லை. அண்ணன் என்று எழுதவும் கை வரவில்லை.

இன்று சாமியார் வராத ஞாயிறு. உபதேசியார்தான் ஜெபம் நடத்தினார். அவர் எதை வாசித்தாலும் ஒரே ராகத்தில் நிறுத்தாமல் வாசிப்பார் என்று உங்களுக்குத் தெரியும். கடைசியில், ஹப்புத்தளையிலிருந்து அனுப்பியிருக்கிறார்கள் என்று ஒரு தாளைப் பிரித்து முதலாம் ஓலை என்று வாசிக்கத் தொடங்கினார். "கொழும்பு கொட்டாஞ்சேனையைச் சேர்ந்த பிரான்சிஸ்கா என்பவரும், பதுளையைச் சேர்ந்தவரும் காலஞ்சென்ற சந்தியாகு, காலஞ்சென்ற சவரியம்மா இருவரின் மகனுமாகிய எட்வர்ட் என்பவரும் திருமணம் செய்துகொள்ள இருப்பதால், இதற்குத் தடை ஏதும் தெரிந்தவர்கள்" என்று வாசித்துக்கொண்டே போனவர் அங்கேதான் நின்றார். வாசித்த பிறகுதான் அவருக்கே உறைத்திருக்கிறது. தாளைப் பார்த்தார். தூணடியைப் பார்த்தார்.

கோயில் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அம்மா முக்காடு போட்டுக்கொண்டு அங்கேதான் உட்கார்ந்திருந்தார். உயிரோடு.

பின்னாலிருந்து ஒரு பிள்ளை சிரித்தது. அதன் தாய் அதன் வாயைப் பொத்தினாள். அம்மா அசையவில்லை. ஜெபம் முடியும்வரை முழந்தாளில் இருந்து, எல்லோரும் போன பிறகு எழுந்து, வீட்டுக்கு வந்து உலை வைத்தார். அரிசி களைந்துகொண்டே கேட்டார்.

"வாசிச்சது நம்ம எட்வட்டு பேருதானே?"

"ஆமா."

"பொண்ணு பேரு என்னமோ சொன்னாரே."

"பிரான்சிஸ்கா."

"நல்ல பேரு."

இப்போது எனக்குச் சோற்றைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் உட்கார்ந்திருக்கிறார்.

நீங்கள் கலியாணம் பண்ணிக்கொள்ளுங்கள். யார் வேண்டாம் என்றது? கூப்பிடாவிட்டாலும் போகிறது. பெற்றவளைச் சாகடித்துவிட்டா போகவேண்டும்? ஒருசந்தி இருந்து இருந்து அவர் யாருக்காக மன்றாடினார்? காரியம் முடிய வேண்டும், டிசம்பர் வரை பொறு என்று எழுதினீர்களே, இதுதானா அந்தக் காரியம்?

பவுலினா

•

கொழும்பு,
10.8.1955

அன்புத் தங்கைக்கு,

உன் காலில் விழுந்து கேட்கிறேன், இதைக் கோபப்படாமல் வாசி.

சத்தியமாக எனக்குத் தெரியாது. ஓலை இங்கே மட்டும்தான் வாசிப்பார்கள் என்று நினைத்தேன். ஞானஸ்நானம் பெற்ற கோயில் எது என்று இங்கத்தைய சாமியார் கேட்டார். ஞானஸ்நானச் சீட்டு எடுக்கத்தான் கேட்கிறார் என்று நினைத்துச் சொன்னேன். பிறந்த ஊர்க் கோயிலிலும் ஓலை வாசிக்க அனுப்புவார்கள் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. உன் கடிதத்தைக் கடையில் நின்று வாசித்தேன். என் முகத்தைப் பார்த்து யாருக்குச் சாவு என்று கேட்டார்கள்.

பிரான்சிஸ்காவின் தகப்பனார் துறைமுகத்தில் பெரிய கிளார்க். முதல்நாள் அவர் என் ஊரைக் கேட்டபோது பதுளை டவுன் என்றேன். அப்பா என்ன செய்தார் என்றார். கடை வைத்திருந்தார் என்றேன். அம்மா என்று கேட்டபோது என்ன சொல்வது? லயத்தில் இருக்கிறார், கொழுந்தெடுக்கிறார் என்று சொன்னால் வந்த வழியே அனுப்பிவிடுவார். இருவரும் காலமாகிவிட்டார்கள் என்று வாயிலிருந்து வந்துவிட்டது. வந்த வார்த்தையைத் திரும்ப எடுக்க முடியவில்லை. அவர்கள் எனக்காக அழுதார்கள் பவுலினா. அந்த வாரமே பிரான்சிஸ்கா நம் அம்மாவின் ஆத்துமத்துக்கு ஒரு பூசை வைத்தாள். நானும் போய் உட்கார்ந்திருந்தேன்.

நான் கேட்பது ஒன்றுதான். இன்னும் இரண்டு ஓலை இருக்கிறது. அந்த இரண்டு ஞாயிறும் அம்மா எதுவும் பேசாமல் இருந்தால் போதும். உபதேசியாரிடமும் சொல்லிவை. அந்தோனிமுத்து பேச்சையும் எடுக்க வேண்டாம், ஏனென்றால் அம்மாவின் பெயர் ஹப்புத்தளைக்குப் போனால் எல்லாம் வெளியே வந்துவிடும். கலியாணம் முடிந்ததும் மெதுவாக நானே சரிசெய்கிறேன். அம்மா இதுவரை எனக்கு எதையும் இல்லை என்று சொன்னதில்லை. இதையும் சொல்லமாட்டார்.

எட்வர்ட்

•

வெள்ளமலை,
15.8.1955, மாதா பரலோகம் போன திருநாள்

அண்ணனுக்கு,

அம்மா சுகமாக இருக்கிறார். முதலில் அதை எழுதிவிடுகிறேன்.

போன திங்கட்கிழமை பெரட்டில் கணக்கப்பிள்ளை சவரியம்மா என்று பெயர் கூப்பிட்டபோது எவனோ, "அது செத்துப்போச்சுங்க" என்றான். களமே சிரித்தது. பக்கத்தில் நின்ற பெண்தான் "வந்திருக்குங்க" என்று சொல்லி அன்றைய பெயரைப் போட வைத்தாள். அந்த வாரம் முழுக்க அம்மா கூடையைத் தூக்கிக்கொண்டு போனதும் வந்ததும் யாருடைய கண்ணையும் பார்க்காமல்தான்.

உங்கள் கடிதம் சனிக்கிழமை வந்தது. ஒரு வார்த்தை விடாமல் வாசித்துக் காட்டினேன். மறைக்கலாமா என்று யோசித்தேன், மனசு கேட்கவில்லை. பூசை வைத்தது வந்ததும் அம்மா நிமிர்ந்து பார்த்தார். "எனக்கா வச்சா அந்தப் பொண்ணு?" என்றார். ஆமாம் என்றேன். "இவன் பக்கத்துல ஒக்காந்திருந்தானாமா?" என்றார். அதற்கும் ஆமாம் என்றேன்.

இருட்டும் முன்னால் உபதேசியார் வந்தார். பாவம், அவருக்கும் வாரம் முழுக்கத் தூக்கமில்லை. கூடவே சித்தப்பாவும் வந்து வாசலில் நின்றார். உபதேசியார் சொன்னார். "தாயார் இருக்காங்களா இல்லையாங்கிறது கலியாணத்துக்குத் தடை இல்லைம்மா. வந்த தாளை வந்தபடி இன்னும் ரெண்டு தரம் வாசிச்சுட்டு நான் பேசாம இருந்துக்கிறேன். பையன் பொழப்பு கெடாது. ஆனா ஒன்னு சொல்லிர்றேன். அப்படி வாசிச்சா, அப்புறம் உங்க ஓலைக்குன்னு என்கிட்ட வரக்கூடாது. காலஞ்சென்ற சவரியம்மான்னு வாசிச்ச வாயால, சவரியம்மாவுக்குக் கலியாணம்னு என்னால வாசிக்க முடியாது. ரெண்டுல ஒன்னு சொல்லுங்க."

அம்மா சித்தப்பாவைப் பார்த்தார். "எனக்காக யோசிக்காத. அது உன் மகன் காரியம். நீ எப்படிச் சொன்னாலும் எனக்குச் சம்மதம்" என்றார் அவர். அம்மா எழுந்து விளக்கை ஏற்றப் போய்விட்டார். உங்களுக்கு இல்லை என்று சொன்னதில்லை என்று எழுதியிருந்தீர்களே, அது எனக்கும் தெரிந்த சங்கதிதான். போகிறது, அம்மா செத்தவளாகவே இருந்துவிடுவார் என்றுதான் நினைத்தேன். அதை நினைத்து நான்தான் அழுதேன்.

நேற்று கோயிலில் உபதேசியார் தாளைப் பிரித்தார். வேர்த்துக் கொட்டியது அவருக்கு. இரண்டாம் ஓலை என்று தொடங்கி, காலஞ்சென்ற சந்தியாகு என்று சொல்லி, காலஞ்சென்ற என்று அடுத்த பெயருக்குப் போகும்போது அம்மா எழுந்து நின்றுவிட்டார். கோயிலுக்குள் ஒரு பொம்பிளை எழுந்து பேசி நான் பார்த்ததில்லை. யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

"உபதேசியாரே, அதுல ஒரு தப்பு இருக்கு. சந்தியாகு செத்துட்டாரு. சவரியம்மா இருக்கா. அப்படி வாசிங்க."

முக்காட்டை இழுத்துச் சரிசெய்துகொண்டார் அண்ணே. சொல்லி முடித்தும் உட்காரவில்லை. உபதேசியார் பேனாவை எடுத்து அந்த ஒரு சொல்லை அடித்துவிட்டு, முதலிலிருந்து வாசித்தார். காலஞ்சென்ற சந்தியாகு, சவரியம்மா இருவரின் மகனுமாகிய எட்வர்ட் என்று. அம்மா முழுவதையும் நின்றபடியே கேட்டார். பிறகு, "என் ஓலையையும் இன்னைக்கே ஆரம்பிச்சுருங்க" என்றார். உபதேசியார் சித்தப்பாவைப் பார்த்தார். சித்தப்பா ஆம்பிளைகள் பக்கத்தில் தலையைக் குனிந்து அழுதுகொண்டிருந்தார். அம்மாவின் பெயரையும் அவர் பெயரையும் உபதேசியார் அங்கேயே வாசித்தார். தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லலாம் என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை. ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை.

திருத்திய தாளை உபதேசியார் நாளைக் காலை முதல் பஸ்ஸில் ஹப்புத்தளைக்கு எடுத்துப்போகிறார். அங்கிருந்து சாமியார் கொட்டாஞ்சேனைக்கு எழுதுவார். அது வருவதற்குள் நீங்கள் அந்தப் பெண்ணிடம் போய் உங்கள் வாயாலேயே சொல்லிவிடுங்கள். உங்களுக்குச் சொல்வதற்கு என்னிடம் மிச்சமிருக்கும் புத்தி அவ்வளவுதான்.

எங்கள் ஓலை மூன்றும் முடிந்து செப்டம்பர் மாதம் கலியாணம். இதை எழுத உட்காரும் முன்னால் அம்மாவிடம் போய், அண்ணன் சம்மதத்தைக் கேட்டு எழுதவா என்று கேட்டேன்.

"தெரியப்படுத்து, போதும்" என்றார்.

தெரியப்படுத்தியிருக்கிறேன்.

தங்கை,
பவுலினா